ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது தொடை இடுக்கில் எதற்குக் கத்தி?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு மகள் தன் அப்பாவுக்காக நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அப்பாவுக்கு வயது 61. சிறிய தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தோப்புக்குள் செருப்புப் போடும் வழக்கமே இல்லை. இடது குதிகாலில் இரண்டு வருடமாக ஒரு கறுப்புத் திட்டு. முள் குத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டார். பிறகு கால் ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்துப் பார்த்தார். ஓரம் படர்ந்து, நடுவில் தடித்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போக முடிந்தது. சதைப் பரிசோதனையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. தடிமன் 2.4 மில்லிமீட்டர், மேல்தோல் புண்ணாகவில்லை என்று அறிக்கை சொல்கிறது. பெட் ஸ்கேனில் உடம்பில் வேறெங்கும் எதுவும் தெரியவில்லை.

கோவையில் பார்த்த புற்றுநோய் அறுவை மருத்துவர், குதிகாலை அகலமாக வெட்டி எடுப்பதோடு தொடை இடுக்கில் 'சென்டினல் நோட்' பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்துதான் குழப்பம். "ஸ்கேன் சுத்தமா இருக்கு, அப்புறம் எதுக்கு இடுக்குல அறுக்கறாங்க?" என்கிறார் பெரியப்பா. இன்னொரு மருத்துவர், எல்லா நிணநீர்க்கணுக்களையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் கவலை விட்டது என்கிறார். உள்ளூர் நர்சிங் ஹோமில், குதிகாலில் இருப்பதை மட்டும் நாளைக்கே எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அம்மா அழுகிறார். கதிரியக்க ஊசி போடுவார்களாம், வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. 'மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது' என்று இணையத்தில் படித்ததால், அறிக்கையே தவறோ என்றும் ஒரு சந்தேகம். கடைசியாக ஒரு வரி: "அப்பாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். நானே கையெழுத்துப் போடலாம் இல்லையா டாக்டர்?"

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் பெரியது.

முதலில் அறிக்கை. மெலனோமா வெளுத்த தோல்காரர்களுக்கு அதிகம் வருகிறது, அதில் வெயிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஒரு வகை. நம் நிறத்தவர்களுக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும்தான் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டு கால் பெருவிரலின் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார். உங்கள் அப்பா முள் என்று நினைத்தது அவருடைய குற்றம் இல்லை. தோப்பில் நடக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு வருடம் போய்விட்டதே என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

அறிக்கையில் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டு முழுவதையும் எடுத்து அளந்தார்களா, நடுவில் ஒரு துண்டு மட்டும் எடுத்தார்களா? துண்டு என்றால், உண்மையான தடிமன் 2.4ஐவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. மெலனோமாவில் அரை மில்லிமீட்டர் கூடப் பெரிய விஷயம்.

நெறி கட்டுவது நமக்குத் தெரியாததா?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கால் புண்ணின் அழுக்கு நிணநீரோடு ஏறி, இடுக்கில் இருக்கும் கணுவில் போய்த் தங்குகிறது, அது வீங்குகிறது. மெலனோமாவின் செல்களும் அதே பாதையில்தான் பெரும்பாலும் முதலில் பயணிக்கின்றன. இடுக்கில் பல கணுக்கள் இருந்தாலும், குதிகாலின் அந்த ஒரு இடத்திலிருந்து வரும் நிணநீர் நேராக முதலில் போய்ச் சேருவது ஒன்றிரண்டு கணுக்களில்தான். அவைதான் சென்டினல் கணு, அதாவது காவல் கணு.

அப்பாவுக்கு இதை நீங்களே சொல்லிவிடலாம். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் எல்லாத் தென்னைக்கும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை, முதல் பாத்தி நிறைந்துதானே அடுத்ததற்குப் போகிறது? வாய்க்காலில் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்க முதல் பாத்தி மண்ணை எடுத்துப் பார்த்தால் போதும். அங்கே இல்லை என்றால் அடுத்த பாத்திகளில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த முறையை மெலனோமாவில் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன். அவரும் அவருடைய குழுவினரும் 1992இல் நீலச் சாயத்தை வைத்து முதல் கணுவைக் கண்டுபிடிப்பதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம், பரவியிருக்குமோ என்ற பயத்திலேயே பலருக்கு இடுக்கை முழுவதும் துழாவி எடுத்தார்கள். பிறகு பார்த்தால் பெரும்பாலோருக்கு அங்கே நோயே இருந்திருக்காது. வாழ்நாள் முழுக்க வீங்கிய காலோடு நடந்ததுதான் மிச்சம்.

பெட் ஸ்கேனுக்குத் தெரியாதது

பெரியப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் பெட் ஸ்கேனுக்கும் ஒரு எல்லை உண்டு. சில மில்லிமீட்டர் அளவுக்காவது திரண்டிருந்தால்தான் அதில் ஒளிரும். காவல் கணுவில் நாங்கள் தேடுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, கடுகைவிடச் சின்னச் செல் கூட்டத்தை. அதனால்தான் எடுத்த கணுவைப் பெத்தாலஜி மருத்துவர் மெல்லிய சீவல்களாக அறுத்து, மெலனோமா செல்லை மட்டும் நிறம் ஏற்றிக் காட்டும் சாயங்களைப் போட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அறுவை மேசையிலேயே அவசரமாக உறைய வைத்துப் பார்க்கும் வேலை இது இல்லை. முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். "உடனே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று அப்போது பதற வேண்டாம்.

உங்கள் அப்பாவின் தடிமனை ஒட்டிய மெலனோமாக்களில், மார்ட்டன் குழுவின் பெரிய ஆய்வில், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குக் காவல் கணுவில் நோய் இருந்தது. ஆறில் ஐந்து பேருக்கு இல்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும்

அறுவைக்கு முந்தைய மாலையோ அன்று காலையோ, குதிகால் திட்டைச் சுற்றித் தோலுக்குள் நான்கைந்து சின்ன ஊசிகள் போடுவார்கள். உள்ளே போவது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து. குதிகால் தோல் தடிமன் என்பதால் அந்த ஊசி சுருக்கென்று வலிக்கும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேமராவின் அடியில் படுக்க வைத்து, மருந்து எந்த வழியாக எங்கே போகிறது என்று படம் எடுப்பார்கள். குதிகாலிலிருந்து போகும் நிணநீர் சிலருக்கு இடுக்குக்குப் போகும் வழியில் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியிலும் ஒரு கணுவில் தங்கும். படம் பார்க்காமல் இடுக்கை மட்டும் திறந்தால் அதைத் தவறவிட்டுவிடுவோம்.

மயக்கம் கொடுத்த பிறகு அதே இடத்தில் நீலச் சாயமும் போடுவோம். கையில் பேனா போல, கதிரியக்கத்தை உணரும் ஒரு கருவி, அதன் நுனியை இடுக்குத் தோலின் மேல் நகர்த்துவோம். கணுவை நெருங்க நெருங்க அதன் சத்தம் விரைவாகும். சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன வெட்டு. கொழுப்பை மெல்ல விலக்கினால் நூல் போல ஒரு நீலக் கோடு தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மொச்சைக்கொட்டை அளவில் நீலம் ஏறிய கணு. அதை எடுத்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக் கருவியை வைத்தால் அலறும். திரும்ப வெட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளேயும் இன்னும் சத்தம் வந்தால் அங்கே இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம். அடங்கினால்தான் தையல். எத்தனை வருடம் செய்தாலும் அந்தச் சத்தம் அடங்கும் வரைக்கும் எனக்கு நிம்மதி வருவதில்லை.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அடுத்த நாள் இதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கொடுக்கும் அளவே மிகச் சிறியது, அதிலும் பெரும்பங்கு ஊசி போட்ட இடத்திலேயே நின்று, வெட்டி எடுக்கும் சதையோடு வெளியே வந்துவிடும். அப்பா எப்படியும் மருத்துவமனையில்தான் இருப்பார். அந்த ஒரு நாள் மட்டும் பேரனை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும், வீட்டுக்கு வந்த பிறகு தூக்கிக் கொஞ்சலாம். உங்களைப் பயமுறுத்தக்கூடியது வேறு ஒன்று: ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும். அது சாயம்தான். அந்தச் சாயம் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அப்பாவுக்கு முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்திருந்தால், மூச்சு இழுத்திருந்தால், மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கத்தி பட்டால் பரவுமா?

அம்மாவின் பயத்தை அதட்டி அடக்காதீர்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நோய் முற்றிய பிறகு வந்து, திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடி, சில மாதத்தில் இறந்தவர்களைப் பார்த்த ஊர்கள் அப்படித்தான் பேசும். அங்கே பரப்பியது கத்தி இல்லை, தாமதம். சதைப் பரிசோதனையாலோ காவல் கணுவை எடுப்பதாலோ மெலனோமா பரவுவதில்லை.

மூன்று வழிகளில் எது?

நர்சிங் ஹோமில் நாளைக்கே எடுத்துவிடும் யோசனைக்கு தயவுசெய்து போகாதீர்கள். இந்தத் தடிமனுக்குத் திட்டைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டும், குதிகாலில் அது தோல் ஒட்டுப் போடும் அளவுக்குப் பெரிய குழி. அதைவிட முக்கியம், அகலமாக வெட்டிய பிறகு நிணநீர் வழிகள் கலைந்துவிடும். வாய்க்காலைக் கலைத்துவிட்டு முதல் பாத்தி எது என்று பிறகு தேடினால் தவறிப்போக வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே அமர்வில், கணுவை முதலில் எடுத்து, நடக்க வேண்டும்.

எல்லாக் கணுக்களையும் எடுத்துவிடும் யோசனையும் இப்போது பழையதாகிவிட்டது. காவல் கணுவில் நோய் இருந்தவர்களையே இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு மீதிக் கணுக்களை எல்லாம் எடுத்தார்கள். மறு பாதியை அல்ட்ராசவுண்டில் கண்காணித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 86 சதவீதம். கை கால் வீக்கம் மட்டும் எடுத்தவர்களில் 24 சதவீதம், எடுக்காதவர்களில் 6 சதவீதம். நோய் இருந்தவர்களுக்கே பலன் இல்லை என்னும்போது, இருக்கிறதா என்றே தெரியாத உங்கள் அப்பாவுக்கு எதற்கு? அந்த மருத்துவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தோம்.

சரி, பரிசோதனையே வேண்டாம், குதிகாலை மட்டும் முறையாக எடுத்துவிட்டு இடுக்கை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டிருக்கலாமா? இதுவும் ஒரு வழிதான், யாரும் அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. காவல் கணுப் பரிசோதனை செய்துகொண்டதால் மட்டும் மெலனோமாவால் இறப்பது மொத்தத்தில் குறைகிறது என்று, மார்ட்டன் குழுவின் அந்தப் பெரிய ஆய்வின் 2014இல் வெளியான இறுதி முடிவுகளில் நிரூபணம் ஆகவில்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நோய் திரும்ப வராமல் இருக்கும் காலம் கூடியது, அதற்குப் பெரிய காரணம் பின்னாளில் இடுக்கில் பெரிய நெறியாகக் கிளம்புவது குறைந்ததுதான்.

அப்படியென்றால் எதற்கு? அது கொடுக்கும் தகவலுக்காக. உங்கள் அப்பாவின் விஷயத்தில் அந்தத் தகவல் சிகிச்சையையே மாற்றும். கணு சுத்தமாக இருந்தால் அவர் இரண்டாம் நிலையின் தொடக்கத்தில் இருக்கிறார், அறுவையோடு கண்காணிப்புப் போதும். கணுவில் நோய் இருந்தால் அது மூன்றாம் நிலை. அப்போது நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்துகளை ஒரு வருடம் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். பி-ராஃப் என்ற மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன, உள்ளங்கால் மெலனோமாவில் அந்த மாற்றம் குறைவாகத்தான் இருக்கும். எதிர்ப்பாற்றல் மருந்துகளும் வெளுத்த தோலின் மெலனோமாவில் வேலை செய்யும் அளவுக்கு இந்த வகையில் வேலை செய்வதில்லை. செலவு லட்சக்கணக்கில் போகும். அதனால் அறுவைக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்: கணுவில் நோய் இருக்கிறது என்று வந்தால் அடுத்த படிக்குப் போக மனமும் வழியும் இருக்கிறதா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இப்போதே கேளுங்கள். மருந்தே வேண்டாம் என்று முடிவானால் பரிசோதனையின் பயன் பாதியாகக் குறையும். அப்போதும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க அது உதவும்.

என் கருத்தைக் கேட்டால், 61 வயதில் தோப்பு வேலை செய்யும் உடம்புக்கு, இந்தத் தடிமனுக்கு, செய்துகொள்வது நல்லது. வெட்டில் நீர் கோர்ப்பது, சீழ் பிடிப்பது, கொஞ்சம் கால் வீங்குவது போன்றவை சிலருக்கு வரும். கணு சுத்தம் என்று வந்தும் பின்னாளில் அதே இடுக்கில் நோய் வருவதும் சிலருக்கு நடக்கிறது. எனவே முடிவு எதுவானாலும் மாதம் ஒருமுறை குளிக்கும்போது இடுக்கைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கணுவில் நோய் இருந்தால் முதல் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தேவைப்படும்.

கோவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: மெலனோமாவில் இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறார், கதிரியக்கப் படம் அங்கேயே எடுப்பார்களா, கணுவைப் பார்க்கும் பெத்தாலஜி மருத்துவருக்கு மெலனோமாவில் பழக்கம் உண்டா. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் அறிக்கை மட்டும் போதாது, சதைப் பரிசோதனைக்கு எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கையெழுத்து யாருடையது?

உங்களுடையது இல்லை. அப்பா சுயநினைவோடு, தெளிவாக இருக்கிறார். அவருடைய காலை வெட்ட அவர்தான் சம்மதம் தர வேண்டும், என்ன நோய் என்று தெரிந்துதான் தர வேண்டும். மகள் போட்ட கையெழுத்து அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது.

சட்டத்தை விடுங்கள். சாதாரணக் கட்டிக்கு எதற்குக் கதிரியக்க ஊசி, எதற்கு இடுக்கில் வெட்டு, எதற்குக் குதிகாலில் தோல் ஒட்டு, எதற்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை கோவை என்று அவர் யோசிக்க மாட்டாரா? என்னிடம் வரும் பெரியவர்களில் நிறையப் பேர், பிள்ளைகள் மறைத்ததை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். பிள்ளைகள் மனம் நோகும் என்று தெரியாதது போல இருப்பார்கள். வீட்டில் எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருப்பார்கள், மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமல் அவர் தனியாக இருப்பார்.

ஒரே மூச்சில் எல்லாம் கொட்ட வேண்டியதில்லை. "அப்பா, அந்தக் கறுப்பு என்னன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட முழுசா சொல்லலை. சொல்லட்டுமா?" என்று தொடங்குங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். புற்றுநோய் என்ற சொல்லை உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஸ்கேனில் வேறெங்கும் இல்லை என்ற நல்ல செய்தியையும் அதே மூச்சில் சொல்ல முடிகிற நிலையில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அறுவைக்குப் பிறகு சில வாரம் அவர் குதிகாலை ஊன்ற முடியாது, தோப்புக்குப் போக முடியாது. அதையும் இப்போதே சொல்லுங்கள். ஓரிரண்டு வாரம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது, மாதக்கணக்கில் மட்டும் தள்ளக் கூடாது. அடுத்த தேங்காய் வெட்டு எப்போது என்று கேட்டு, தேதியை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.